விழும்போது யார் பேரைச் சொன்னேன்?

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். எழுதினால் படிக்கிறவர்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்காமல் இருக்கவும் முடியாது, நானே சிரித்தவள்தான். கடைசியில் ஈஸ்வரன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தது. எழுதுகிறேன்.

உலகத்தில் சட்டம் தெரியாதவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். ஆனால் ஒன்று விடாமல் எல்லாச் சட்டத்தையும் தப்பாகத் தெரிந்து வைத்திருந்தவர் எங்கள் ரூல்ஸ் அண்ணன் ஒருவர்தான்.

திருவிடந்தைப் பக்கம் கடற்கரையில் ஒரு ரிசார்ட். அதன் சலவைக்கூடத்தில் நான் துணி மடிப்பவள், அவர் இஸ்திரி போடுபவர். எப்போதோ ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டாராம். அன்றைக்குப் பெட்டியின் சூட்டில் சட்டமெல்லாம் கோட்டிலிருந்து கிளம்பி இவர் கைக்குள் ஏறிவிட்டது போலிருக்கிறது. அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும், "அதுக்கு ரூல்ஸ் கீது" என்பார். லீவு நாளில் தும்மினால்கூட அதற்கும் ரூல்ஸ் இருந்தது.

ஒரு நாள் ஈரமான படுக்கை விரிப்புகளைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். எதிரே இஸ்திரி மேசையில் அண்ணன் நின்றிருந்தார். "வேதகிரீஸ்வரா!" என்று கடற்கரை வரைக்கும் கேட்கக் கத்திக்கொண்டு விழுந்தேன். கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். எங்களை வேலைக்கு அனுப்பிய காண்ட்ராக்டரோ, "நீ பாத்து நடக்கல, நாங்க இன்னாமா பண்றது?" என்று கையை விரித்துவிட்டார். நஷ்டஈடு கிடைத்தால்தான் நான் நேராக நடக்க முடியும் என்கிற நிலை.

ரூல்ஸ் அண்ணன் ஆப்பிளோடு பார்க்க வந்தார். காலைப் பார்க்கவே இல்லை.

"வுழும்போது இன்னா கத்துனன்னு ஆபீசர் கேட்டா இன்னா சொல்லுவ?"

"வேதகிரீஸ்வரான்னுதாண்ணா."

ஆப்பிளைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். "போச்சு! சாமி பேரயா சொல்லுவ? தெய்வ செயல்னு எழுதி ஃபைல மூடிட்டுப் போய்கினே இருப்பான்."

"பின்ன யார் பேரச் சொல்றது?"

"மேனேஜர் பேரச் சொல்லு. மேனேஜர் சார்னு கத்திகினே வுழுந்தேன்னு சொல்லு."

"மேனேஜர் சார்னா எலும்பு ஒட்டிக்குமா?"

"எலும்ப டாக்டர் ஒட்டுவாரு. நீ கேஸ ஒட்டு!"

ரூல்ஸ் அதோடு நிற்கவில்லை. கால் என்னுடையது, சறுக்கியதும் நான்தான், அதனால் கம்பெனிக்குச் சம்பந்தமில்லை. சட்டையில் காண்ட்ராக்டர் பேர் தைத்திருக்கிறது, அதனால் நான் கணக்கிலேயே வரமாட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, நஷ்டஈடு கேட்கிறவள் வெளியே சிரிக்கக் கூடாது, யாராவது போட்டோ பிடித்தால் கேஸ் செத்தது. இதைக் கேட்டு, எதிர்வீட்டுக் கல்யாணத்தில் நான் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா என் வீட்டுக்காரரிடம் வந்து, "நாங்க இன்னா தப்பு பண்ணோம்?" என்று அழாத குறையாகக் கேட்டார்.

ஒத்திகையும் நடந்தது. என் போர்வையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் அவரே விழுந்து காட்டினார். "பாரு, இப்டி வரேன், இப்டி வழுக்குது, உடனே மேனேஜர்..." என்றவர் நிஜமாகவே வழுக்கினார். "முருகா!" என்ற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

என் வீட்டுக்காரர் அவரைத் தூக்கிவிட்டு, "இன்னாண்ணா, மேனேஜர் பேரு முருகனா?" என்றார்.

இடுப்பைத் தடவிக்கொண்டே அண்ணன் சொன்னார்: "இது ட்யூட்டி டைம் இல்ல. கணக்குல வராது."

சிரித்தாலும் என் மனசு அடித்துக்கொண்டது. தலை அடிபடாமல் காப்பாற்றியவன் அந்த வேதகிரீஸ்வரன். அவன் பேரைச் சொல்லவே இல்லை என்று எப்படிச் சொல்வேன்? சொல்லாவிட்டால் கால்?

நஷ்டஈடு கேட்டு நான் கொடுத்த மனுவுக்கு, செங்கல்பட்டில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அண்ணன் சாட்சியாக வந்தார், தோளில் ஒரு பெரிய பையோடு. அதிகாரி ஒரு அம்மா. "எப்படிம்மா விழுந்தீங்க?" என்று கேட்டதுதான் தாமதம், எனக்குக் கண்ணீர் கொட்டிவிட்டது.

"மேடம், நான் சாமி பேரச் சொல்லித்தான் வுழுந்தேன். மேனேஜர் பேரச் சொல்லல. இன்னா வேணா பண்ணிக்கோங்க!"

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டார். "அத யாரும்மா கேட்டா? வேலை செய்யும்போதுதானே விழுந்தீங்க?"

"ஆமா மேடம்."

"குடிச்சிருந்தீங்களா?"

"சிவ சிவா!"

அண்ணன் எழுந்தார். "மேடம், நான் நேர்ல பாத்தேன். தப்பு இவங்க மேல இல்ல, சோப்புத் தண்ணி மேல..."

"யார் மேல தப்புன்னு நான் கேக்கவே இல்லையே. கவனக்குறைவா விழுந்திருந்தாலும் நஷ்டஈடு உண்டு. காண்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. நான் விழுந்தாலும் சாமி பேரத்தான் சொல்வேன். நீங்க பாத்தத மட்டும் சொல்லிட்டு உக்காருங்க."

பார்த்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இத்தனை ரூல்ஸும் ஒரே நாளில் போனதில் மனுஷர் கொஞ்சம் இளைத்துப்போனது மாதிரி இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பை என் மடியில் இருந்தது. பஸ் குலுங்கியதில் வாய் திறந்துகொண்டது. உள்ளே அவருடைய சாப்பாட்டுத் தட்டு, டம்ளர், சீப்பு, இஸ்திரி மேசைக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படம்.

"இதெல்லாம் எதுக்குண்ணா எடுத்தாந்தீங்க?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சாட்சி சொன்னவன அன்னிக்கே தூக்கிடுவாங்கம்மா. ரூல்ஸ் அப்டி. அப்பறம் உள்ள வந்து எடுக்க வுட மாட்டான். அதான் காலையிலயே காலி பண்ணிட்டு வந்தேன்."

"அது தெரிஞ்சுமா வந்தீங்க?"

"பின்ன? நீ வுழுந்தத நான்தானே பாத்தேன்."

அவரை யாரும் தூக்கவில்லை. மறுநாளே படத்தை அதே ஆணியில் மாட்டினார். எனக்கு நஷ்டஈடு வந்தது, கம்பியையும் எடுத்தார்கள், வேதகிரீஸ்வரர் இருக்கிற திருக்கழுக்குன்றத்து மலையில் என் காலாலேயே ஏறினேன்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவருடைய ரூல்ஸ் அத்தனையும் தப்பு என்று சொல்லுங்கள், கேட்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்தப் பையில் என்ன இருந்தது என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.