அப்பா போட்ட பிளான்

தருமபுரியில் வீடு என்றால் அது ஒன்றுதான் என்பது மாதேஸ்வரனின் கட்சி. மற்றதெல்லாம் வெறும் சுவரும் கூரையும். 1963-இல் அவருடைய அப்பா கட்டியது. தட்டையான மொட்டை மாடி, ஜன்னல்களுக்கு மேல் நீளமாக ஓடும் சன்ஷேடு, வராந்தாவில் பூப்பூவாக ஓட்டை விட்ட சிமெண்ட் ஜாலி, தரையெல்லாம் மொசைக். ஒகேனக்கலுக்கு வழி கேட்டு வந்தவனுக்கும் மொசைக்கைக் காட்டிவிட்டுத்தான் வழி சொல்வார்.

பழைய வீடுகளைப் பற்றிப் புத்தகம் போடுகிற வெண்மதி என்ற பெண், ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து படமெடுக்க வருவதாகப் போன் செய்தாள். அந்த நிமிஷமே மாதேஸ்வரன் சபதம் போட்டார்.

"பானு! இனிமே இந்த வூட்டுல அப்பா பிளான்ல இருக்கறது மட்டுந்தான் இருக்கும். பின்னால சேர்த்ததெல்லாம் இடிச்சுத் தள்ளப்போறேன்."

மனைவி பானுமதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எதெதுங்க?"

"உன் தகரக் கொட்டாய்."

"ஒழுகற கொட்டாய்தானுங்க. வேற?"

"யார் சேர்த்ததா இருந்தாலும்."

"யார் சேர்த்ததா இருந்தாலுமா?"

"ஒரே பேச்சு!"

"அப்ப சரிங்க."

முப்பத்தாறு வருஷத்தில் அவள் ஒரே மூச்சில் 'சரி' சொன்னது அதுதான் முதல் தடவை. மனிதர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். மீசையைத் தடவிக்கொண்டார்.

பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து நீலத்தாள் பிளானை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். மூலையில் அப்பாவின் கையெழுத்து. பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மீதியைப் பார்க்கவில்லை. நேராகக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். சனிக்கிழமை தகரக் கொட்டாய் போனது.

ஞாயிறன்று வெண்மதியின் கேமரா முன்னால் நின்று சபதத்தை மறுபடி கணீரென்று சொன்னார். அவள் பிளானில் விரலை ஓட்டினாள்.

"சார், சமையல்கட்டுல இருந்து தோட்டத்துக்கு ஒரு கதவு இருக்குதே, அது எங்கங்க?"

அவரே மறந்துபோன கதவு அது.

"அத அடைச்சுத்தாம்மா இவரு பேப்பர் படிக்க ரூம் கட்டினாரு," என்றாள் பானுமதி, காபியை நீட்டியபடி. "அன்னையில இருந்து ஒரு கொத்து கறிவேப்பிலைக்கு வூட்டையே சுத்திட்டுப் போறேன். அந்த ரூம் பிளான்ல இருக்குதா பாரும்மா."

"இல்லீங்களே."

"அடடா!" என்றாள் பானுமதி.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

டிவி, ஃபேன், சாய்வு நாற்காலி என்று அவருடைய ராஜ்யமே அந்த அறைதான். புதன்கிழமை இடிந்தது. கதவு திறந்ததும் தோட்டத்துக் காற்று சமையல்கட்டைத் தாண்டி வராந்தா ஜாலி வரை வந்தது. அடுப்படியில் நின்றாலே அப்பா வைத்த மாமரம் தெரிந்தது. மாதேஸ்வரனுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா மூளையே மூளை என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். வந்து பார்த்தால் உட்கார நாற்காலியைக் காணோம்.

"பானு, என் சேர் எங்க?"

"கார் ஷெட்டுல போட்டிருக்கேனுங்க."

"கார் ஷெட்டுலயா?"

"பிளான்ல வேற எடமே காலியில்லீங்க. மாமாவும் கடைசி வரைக்கும் கார் வாங்கல."

வெண்மதி மறுபடி வந்து படமெடுத்துப் போனாள். புத்தகமும் வந்தது. நாற்பத்திரண்டாம் பக்கம் முழுக்க, நாற்காலியில் சாய்ந்தபடி மாதேஸ்வரன் கம்பீரமாகச் சிரிக்கிறார். படத்துக்குக் கீழே ஒரு வரி:

'கார் ஷெட். இன்றும் பயன்பாட்டில் உள்ளது.'