கானுக்கு ஒரு கம்பிக் கூண்டு

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் பெர்மெத் ஒரு பச்சோந்திக்கு வீடு கட்டினாள். பிஷ்கெக் நகரத்தில் அனுமதியில்லாமல் மாடிமேல் மாடி எழுப்பியவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அதிகாரிகள் நேரில் வந்து அளந்து பார்த்தது இந்த ஒரு வீட்டைத்தான்.

பெர்மெத் மருத்துவமனையில் நர்ஸ். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன சிநேகிதி அவளிடம் விட்டுப்போன பிராணி அது. பெயர் கான். கண்ணாடித் தொட்டியோடு வந்தது. அந்த வருஷம் ஊரில் கண்ணாடித் தொட்டிதான் நாகரிகம். உள்ளே ஊதா விளக்கு, பிளாஸ்டிக் கோட்டை எல்லாம் இருக்கும். கான் கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரியென்று நினைத்து நாளெல்லாம் சீறியது. காற்றில்லாமல் புழுங்கி, தீனியை விட்டது. கண்கள் குழிவிழுந்தன.

பெர்மெத் பழைய அலமாரி ஒன்றின் கதவையும் முதுகுப் பலகையையும் கழற்றிவிட்டு, சுற்றிலும் கொசுவலைக் கம்பி அடித்தாள். கம்பியை இழுத்துப் பிடித்தது பக்கத்து வீட்டுக்காரனான நான். உள்ளே ஒரு செடித்தொட்டி, ஏறி உட்கார வாதுமைக் கிளைகள், மேலே வெயிலுக்குப் பதிலாக ஒரு விளக்கு. பச்சோந்தி கிண்ணத்தில் தண்ணீர் குடிக்காது, இலையில் விழும் சொட்டைத்தான் நக்கும். அதனால் குளுக்கோஸ் ஏற்றும் குழாயைக் கட்டித் தொங்கவிட்டாள். மூன்றாம் நாள் கான் ஒரு சொட்டை நக்கியது. ஐந்தாம் நாள் ஒரு வெட்டுக்கிளியை நாக்கை வீசிப் பிடித்தது. பெர்மெத் அடுப்பங்கரையில் நின்றபடியே அழுதுவிட்டாள்.

அடுத்த வாரம் யாரோ புகார் மனுப் போட்டார்கள். நகர வளர்ப்புப் பிராணி வசதி மேற்பார்வைப் பிரிவிலிருந்து ரிஸ்கெல்தி என்ற ஆய்வாளர் வந்தார். மரியாதையான மனுஷன், செருப்பை வாசலிலேயே கழற்றினார். படிவத்தை விரித்துக்கொண்டு அது என்ன தின்னும் என்று கேட்டார். பூச்சி என்றாள் பெர்மெத்.

"செத்ததா, உயிரோட இருக்கறதா?"

"உயிரோட இருந்தாத்தான் தின்னும்."

'உயிர்ப்பிராணிகளைக் கொன்று தின்னும் விலங்கு' என்று அவர் எழுதிக்கொண்டார். அந்த வகைக்கு விதி தெளிவாக இருந்தது: கட்டைவிரல் பருமனுள்ள இரும்புக் கம்பி, கம்பிக்குக் கம்பி நாலு விரல் இடைவெளி, எச்சரிக்கைப் பலகை. எப்போதோ ஒரு கபாப் கடைக்காரர் கரடி வளர்த்தபோது எழுதிய விதி. பத்து நாளில் கூண்டு தயாராகாவிட்டால் விலங்கு பறிமுதல்.

"நாலு விரல் சந்துல இது நடந்தே வெளியே போயிடுமே, தம்பி."

"விதி கூண்டைப் பத்தித்தான் அக்கா சொல்லுது. விலங்கு உள்ளே இருக்கணுமாங்கறது வேற பிரிவு."

பறிமுதல் செய்த பிராணிகளை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டாள். அலுவலகத்தில் நல்ல கண்ணாடித் தொட்டி இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு பெர்மெத் வாதாடவில்லை. பால்கனியில் ஆளுயர இரும்புக் கூண்டு எழுந்தது. 'அபாயம், கையை நீட்டாதீர்' என்று பலகையும் தொங்கியது. கான் அடுப்பங்கரையில், தன் அலமாரியில், நிம்மதியாக இருந்தது.

பத்தாம் நாள் ரிஸ்கெல்தி பிரிவுத் தலைவரையும் கால்நடை வைத்தியரையும் அழைத்து வந்தார். தலைவர் கூண்டுக்குள் வெகுநேரம் பார்த்தார். பெர்மெத் உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ரிஸ்கெல்தி முந்திக்கொண்டார்.

"பச்சோந்தி சார். சுற்றுப்புறத்தோட கலந்து நிக்கும்."

"எனக்குத் தெரியாதா? அதோ இருக்கே," என்று தலைவர் ஒரு கம்பியைக் காட்டினார்.

நன்றாகத் தேறியிருப்பதாக வைத்தியர் சொன்னார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது வருஷம் டிராலி பஸ் ஓட்டியவன் நான், ஒரு தடவைகூடப் பொய்க் கணக்கு எழுதியதில்லை. வால் ஆடுகிறது என்றேன்.

'முன்மாதிரி வாழிடம்' என்று சான்றிதழ் வந்தது. கூண்டின் படம் பத்திரிகையிலும் வந்தது. ஒரே மாதத்தில் கண்ணாடித் தொட்டிகள் குப்பைமேட்டுக்குப் போயின. தெருவெங்கும் பால்கனிகளில் இரும்புக் கூண்டுகள் முளைத்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

வசந்தத்தில் ரிஸ்கெல்தி அரக்கு முத்திரை வைத்த அட்டைப்பெட்டியோடு வந்தார். தனிமையில் வைப்பது கொடுமையாம். கானுக்கு அரசாங்கமே ஒரு துணை அனுப்பியிருந்தது. பெர்மெத் பிரித்துப் பார்த்தாள். காலிப் பெட்டி. அவள் நிமிர்ந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க கூண்டுல ஒண்ணு இருக்குன்னா, இதுலயும் ஒண்ணு இருக்கு, அக்கா."

அவள் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. ஜோடியின் நலம் குறித்து மாதாமாதம் அறிக்கை தரும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. முதல் மாதம் 'நலம்' என்று எழுதினேன். இரண்டாம் மாதமும் 'நலம்'. மூன்றாம் மாதமும் அதையே எழுத வெட்கமாக இருந்ததால், பன்னிரண்டு முட்டை என்று எழுதிவைத்தேன்.

இலையுதிர் காலத்தில் உத்தரவு வந்தது. குஞ்சுகளைக் குடியிருப்போருக்கே பகிர்ந்தளிக்க வேண்டுமாம். எங்கள் கட்டடத்தில் சரியாகப் பன்னிரண்டு வீடு. முற்றத்தில் மேசை போட்டார்கள். வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கையெழுத்துப் போட்டோம். முதல் மாடிக்காரி தன் குஞ்சு மெலிந்திருக்கிறதென்று சண்டை போட்டு மாற்றிக்கொண்டாள்.

எனக்குக் கிடைத்தது ஆண். கொஞ்சம் முரடு.