திருடன் வரும் வயர்

இப்போதெல்லாம் யாரும் எதையும் விசாரித்து வாங்குவதில்லை. எவனோ ஒரு பூட்டைச் சும்மா கொடுத்தான் என்றால் போதும், என்ன ஏது என்று பார்க்காமல் வாசலில் மாட்டிக்கொள்கிறார்கள். ஓட்டை என்று தெரிந்த பிறகு ஊரைக் கூட்டுகிறார்கள்.

லாரி ஓட்டி ஓய்ந்த பெரியவர், வாசலில் நின்று மகனிடம் போனில் இதைத்தான் சொன்னார். வீட்டுக்குள் சிக்னல் எட்டாது. மகன் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். உலகம் முழுக்க எடுத்துப் பயன்படுத்துகிற ஒரு சின்ன புரோகிராமில் ஓட்டையாம், ஆஸ்பத்திரியிலும் அதுதானாம். திருத்தம் சாயங்காலத்துக்குள் வராவிட்டால் எல்லா மெஷினையும் நிறுத்தி, நாளைய ஆபரேஷன்களைத் தள்ளிப்போட வேண்டியதுதான் என்றான்.

"அதை எழுதினவன் எங்கடா?"

"யாருக்குத் தெரியும்? நெட்ல கட்டெறும்புன்னு பேரு. மூஞ்சியை யாரும் பார்த்ததில்ல. ஆனா பெரிய ஆளுப்பா. ஓட்டை இருக்குன்னு அவனேதான் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கான். இன்னொருத்தனா இருந்தா மூடி மறைச்சிருப்பான். இத்தனைக்கும் காசே வாங்காம குடுத்தது."

"காசு வாங்காதவனை நம்பவே கூடாது. திருடன் எந்த வழியா வருவான்?"

"நெட் வழியாத்தான்."

பெரியவருக்கு அது போதும். லாரியை நிறுத்தினால் பேட்டரி வயரைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கியவர் அவர். நேரே கூடத்துக்குப் போய் நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

பின்னறைக் கதவு திறந்தது. மாப்பிள்ளை வந்தார். மகளும் அவரும் இதே வீட்டில்தான் இருக்கிறார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து ஏதோ வேலை பார்க்கிறவர். என்ன வேலை என்று பெரியவர் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. அவசரமாக ஒன்று அனுப்ப வேண்டும் என்று பணிவாகச் சொல்லி, பிளக்கை மாட்டிவிட்டுப் போனார்.

அவசரம் என்று சொல்லாதவன் எவன்? பெரியவர் இந்தத் தடவை வயரையே உருவி இடுப்பில் செருகினார். மாப்பிள்ளை எங்கிருந்தோ வேறு வயர் கொண்டுவந்தார். முகம் சுளிக்கவில்லை. அந்தப் பொறுமை பெரியவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதற்காகத் திருடனை உள்ளே விட முடியுமா? பெட்டியையே துண்டில் சுற்றி, துணி துவைக்கிற மெஷினில் அழுக்குத் துணிக்கு அடியில் வைத்து மூடினார்.

மகன் மறுபடி கூப்பிட்டான். குரலே சரியில்லை. கட்டெறும்பு பாதித் திருத்தத்தை அனுப்பினானாம். அப்புறம் பேச்சுமூச்சே இல்லையாம்.

"ஓடிப் போயிருப்பான்" என்றார் பெரியவர்.

உள்ளே மாப்பிள்ளை கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

"மாமா, நெட் பெட்டியைப் பார்த்தீங்களா?"

"எந்தப் பெட்டி?"

அந்த நேரம் பார்த்து மகள் வேலையிலிருந்து வந்தாள். கையிலிருந்த துணியை மெஷினில் போட்டாள், சோப்புத் தூளைக் கொட்டினாள், சுவிட்சில் கை வைத்தாள்.

"அதைப் போடாதே" என்றார் பெரியவர்.

"ஏன்ப்பா?"

"உள்ளே வேற சாமான் இருக்கு."

மகள் துணியை அள்ளி வெளியே போட்டாள். மாப்பிள்ளை துண்டைப் பிரித்துப் பெட்டியை எடுத்தார். பெட்டியிலிருந்த தூளைச் சட்டையாலேயே துடைத்துக்கொண்டு அறைக்குள் ஓடினார்.

பொழுது சாய்கிற நேரத்தில் மகன் கூப்பிட்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"அனுப்பிட்டான்பா. எல்லா மெஷின்லயும் போட்டுட்டோம். நாளைக்கு ஆபரேஷன் எல்லாம் நடக்கும். அந்த மனுஷன் எங்க இருந்தாலும் தேடிப் போய்க் கால்ல விழணும்."

பெரியவர் உள்ளே வந்து மகளிடம் சொன்னார். "யாரோ கட்டெறும்பாம். அவன் கால்ல விழணுங்கிறான் உங்க அண்ணன்."

மகள் துணியை உதறியபடியே சொன்னாள். "அதுக்கு அண்ணன் ரொம்ப தூரம் போக வேண்டாம்ப்பா. சட்டையெல்லாம் சோப்புத் தூளோட பின்னறையில உட்கார்ந்திருக்கார்."

பெரியவர் பின்னறை வாசலில் போய் நின்றார். கண் சிவந்து, நாற்காலியில் சாய்ந்திருந்த மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். லேசுப்பட்ட ஆள் இல்லைதான். ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"அப்போ அந்த ஓட்டையை விட்டது யாரு, மாப்பிள்ளை?"

"அதுவும் நான்தான், மாமா."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு, வாசல் பூட்டை இழுத்துப் பார்க்கப் போனார். இடுப்பில் செருகிய வயரை மட்டும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.