அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்ற பெயர்

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை.

ஆலுவாவில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி வெங்கிடாசலம் அவர்களுக்கு, காளி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் சரோஜம்மாவும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகம்தானா, உங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று அறிய ஆவல்.

முதலில் இந்தக் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாள்தான். ஆனால் என் எழுத்துக்குக் கோட்டின் மேல் மரியாதை இல்லை, ஏறுகிறது, இறங்குகிறது, சில இடத்தில் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் தொடங்கினேன், இன்று வியாழன். யார் எழுதிக் கொடுத்தது என்று யோசிக்காதீர்கள். நான்தான். அறுபத்தேழு வயதில், ஐந்து மாதமாக, உங்கள் யாருக்கும் சொல்லாமல் கமலாக்ஷி டீச்சரின் தமிழ் வகுப்புக்குப் போகிறேன். எல்லா எழுத்தையும் விட என்னைப் படுத்தியது உங்கள் பெயர். 'வெ' போட்டு 'ங்' போட்டு 'கி' போடுவதற்குள் பேனா வியர்த்துவிடும். ஒரு தாளில் பதினோரு தடவை எழுதிப் பழகிய பிறகுதான் தைரியமாக மேலே போட்டிருக்கிறேன்.

கல்யாணத்தன்று ரிஜிஸ்டரில் நான் கட்டைவிரலை உருட்டியபோது, நீங்கள் பக்கத்தில் நின்று, "சம்பந்தி, மை நிறைய இருக்கு, தாராளமா அமுக்குங்க" என்று சொன்னது உங்களுக்கு மறந்திருக்கும். ரயில்வேயில் முப்பது வருஷம் எழுதின கை, பேச்சும் அப்படித்தான் வரும், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மஸ்கட்டில் பேரன் பிறந்த மூன்றாம் நாள் பெயர்ப் பேச்சு வந்ததே, அது மறந்திருக்காது. நான் என் அப்பா மாடசாமியின் பெயரைச் சொன்னேன். வெலிங்டன் தீவு வெறும் காயலாக இருந்த காலத்தில் அதில் மண் கொட்டிய மனுஷன் அவர். நீங்கள், "மாடசாமின்னா ஸ்கூல்ல சிரிப்பாங்க சம்பந்தி, அபிலாஷ்னு வைப்போம்" என்றீர்கள். நம் வீடுகளில் இருபத்தெட்டாம் நாள் பெரியவர் கையால் பெயரை எழுதி, பிள்ளையின் பாயடியில் வைத்து, பிறகுதானே வெற்றிலையால் ஒரு காதை மூடி இன்னொரு காதில் சொல்கிறோம். அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள், "சரி, உங்க கையால எழுதி, அன்னிக்கு நல்ல நேரத்துக்குள்ள மஸ்கட்ல சேர்த்துடுங்க, நான் ஒதுங்கிக்கறேன். இல்லேன்னா என் காகிதம்" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு டீச்சர் வகுப்பில் எனக்கு நாலு மாதம் முடிந்திருந்தது, உங்களுக்குத்தான் தெரியாது.

உங்கள் காகிதம் அச்சடித்த மாதிரி எழுத்தில் பத்து நாள் முன்பே தபாலில் போய், அங்கே அலமாரியில் காத்திருப்பதாக உங்கள் மருமகள் அம்பிளி சொன்னாள். நான்தான், நாளைக்கு இன்னும் கொஞ்சம் நன்றாக வரும், நாளைக்கு வரும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் மனசுக்குப் பிடித்த மாதிரி ஒரு 'மாடசாமி' வந்தது. வீட்டில் புதுத் தாள் இல்லை, எழுதின ஒரு தாளின் வெள்ளைப் பக்கத்தில் எழுதினேன். மறுநாள் இருபத்தெட்டு, காலை பதினோரு மணி வரைதான் நல்ல நேரம். தபாலுக்கு ஏது நாள்?

திங்கள் காலை பத்து மணிக்கு எங்கள் தெருமுனையில் சுமா நடத்தும் இண்டர்நெட் கடைக்குப் போனேன். நல்ல பெண், நம்மவர்கள்தான், தமிழ் பேசுவாள், ஆனால் படித்ததெல்லாம் மலையாளம், தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. "மாமா, இது சாட். நம்ம எழுதறது அங்க அப்பவே தெரியும்" என்று திறந்தாள். அம்பிளியின் பெயர் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. ஆள் இல்லை என்று அர்த்தமாம். ஒன்பது மணிக்குத்தான் போன் பண்ணி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கேன் அப்பா என்று சொன்னவள்! சுமா, "முழுசா வெளிய வந்து மறுபடி உள்ள போகணும் மாமா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் திறக்கிற நாங்கள் செய்வதும் அதுதானே, வால்வை முழுக்க மூடி, பத்து எண்ணி, மெதுவாகத் திறப்பது. திறந்தாள். அம்பிளி பச்சையாக வந்துவிட்டாள். வந்தவள் தமிழில் ஏதோ எழுதி அனுப்பினாள், இங்கே வரிசையாகக் காலிப் பெட்டிகள் வந்து நின்றன. கமலாக்ஷி டீச்சர் இன்னும் சொல்லித்தராத எழுத்து போலிருக்கிறது என்று நான் பயந்தே போனேன். "எழுத்து இல்ல மாமா, இந்த கம்ப்யூட்டர்ல தமிழ் ஃபாண்ட் இல்ல" என்றாள். "என் கைக்கு ஃபாண்ட் வேண்டாம் மோளே" என்று தாளை எடுத்தேன்.

படம் பிடிக்கிற பெட்டியின் கண்ணாடியில் தாளை நானே வைத்தேன். சுமா கை நீட்டினாள், நான் கொடுக்கவில்லை. என் அப்பா பெயர், நான் முதல்முதலாக எழுதினது, அதைக் கவிழ்த்துப் போட மனசு வருமா? சாமி படத்துக்கு முன்னால் பத்திரிகை வைக்கிற மாதிரி, எழுத்து மேலே பார்க்க, நேராக, மரியாதையாக வைத்து மூடியை இறக்கினேன். திரையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் வந்தது. நீல மையில் எழுத்து இருப்பது தெரிந்தது. அது போதும் என்றேன்.

அனுப்பினால், அங்கே ஏற்றுக்கொள் என்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டுமாம். அம்பிளி பிள்ளையைக் குளிப்பாட்டப் போய்விட்டாள். காத்திருந்து காத்திருந்து ஃபைல் திரும்பி வந்துவிட்டது. மறுபடி அனுப்பினோம், அமுக்கினாள். ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. இருபது, நாற்பது, அறுபது, அறுபத்திரண்டு. நின்றுவிட்டது. படம் பெரிசு என்று சுமா சுருக்கி அனுப்பினாள், அறுபத்திரண்டு. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள், அறுபத்திரண்டு. மணி பதினொன்று அடித்தது. நல்ல நேரம் முடிந்தது, உங்கள் காகிதம் பாயடியில் போயிற்று என்று நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "மாமா, அங்க இப்ப ஒன்பதரைதான். நமக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு" என்றாள் சுமா. சம்பந்தி, அந்த நிமிஷம் எனக்கு இருபது வயசு குறைந்தது.

எழுந்து கேட்டேன், "மோளே, உன் கடைக்கு எத்தனை லைன்?" ஒன்று. "எத்தனை பேர் இருக்காங்க?" ஆறு பேர். "என்ன பண்றாங்க?" எல்லாரும் ஷேர் பண்ற சாப்ட்வேர் போட்டு சினிமாவும் பாட்டும் இறக்குகிறார்கள். விஷயம் விளங்கிவிட்டது. முப்பத்துநாலு வருஷம் ஆளுயர வால்வுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த ஊருக்குத் தண்ணீர் திறந்தவன் நான். பள்ளுருத்தியில் கடைசி வீட்டுக் குழாயில் சொட்டு விழ வேண்டுமென்றால் முன்னால் இருக்கிற தெருவையெல்லாம் அடைக்க வேண்டும். மஸ்கட்டும் ஒரு கடைசி வீடுதான். ஒவ்வொரு தட்டியாகப் போய், "பத்து நிமிஷம் அடைங்கப்பா" என்றேன். ஐந்து பேர் அடைத்தார்கள். ஆறாவது தட்டியில் இஞ்சிக்கடை முகமது இஸ்மாயில். "காளி அண்ணா, ரெண்டு நாளா இறங்கற படம், தொண்ணூத்தேழு ஆயாச்சு, இப்ப நிறுத்தினா போச்சு" என்று திரையைக் கையால் மறைத்தான். நான் கேட்டேன், "உன் நிக்காஹ் அன்னிக்கு பிரியாணிச் செம்பு காலியா நின்னப்ப, மூணு தெருவை அடைச்சு உன் வாசலுக்குத் தண்ணி விட்டது யாருடா?" தலையைச் சொறிந்தான். அடைத்தான்.

அறுபத்திரண்டு அறுபத்துமூன்றாயிற்று! பிறகு நிற்கவே இல்லை. நூறு. அம்பிளி இங்கிலீஷ் எழுத்தில், கிடைச்சுடுச்சு அப்பா என்று அனுப்ப, சுமா படித்துச் சொல்லி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. மணி பன்னிரண்டு ஐந்து. கடையே கைதட்டியது. இஸ்மாயில் எல்லாருக்கும் சாயா வாங்கினான், அவன் படம் மறுபடி முதலில் இருந்து இறங்க வேண்டும். சுமா சொல்கிறாள், "மாமா, இனி லைன் நின்னா உங்களைத்தான் கூப்பிடுவேன்." கூப்பிடட்டும், சாவியோடு போவேன்.

ஆகவே சம்பந்தி, உங்கள் காகிதத்தை அலமாரியிலேயே பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அபிலாஷும் நல்ல பெயர்தான், அடுத்த பிள்ளைக்கு ஆகும். மாடசாமியின் கொள்ளுப்பேரன் பாயடியில் மாடசாமி மகன் கையெழுத்து போய்ச் சேர்ந்தது. இதைவிட எனக்கு என்ன வேண்டும்? உங்கள் வீட்டில் எல்லாரும் நோய் நொடி இல்லாமல், குழாயில் தண்ணீர் குறையாமல் இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு என் கும்பிடு. நீங்கள் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அடுத்த வாரமும் எழுதுவேன், பேனாவில் பாதிக்கு மேல் மை இருக்கிறது.

இப்படிக்கு,
தன் கையாலேயே,
மா. காளி

பின்குறிப்பு: இன்று வெள்ளி. உறையை ஒட்டுவதற்கு முன்னால் அம்பிளி போன் பண்ணினாள். அந்தப் பெட்டியில் எழுத்தைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டுமாம், அது கண்ணாடிப் பக்கத்தைத்தான் பார்க்குமாம். போய்ச் சேர்ந்தது தாளின் மறுபக்கம், நான் எழுதிப் பழகிய பக்கம். உங்கள் பெயர், பதினோரு தடவை. மாப்பிள்ளை ரமேஷ்பாபு அதைப் பார்த்துவிட்டு, "எங்க அப்பா பேரை இத்தனை ஆசையா எழுதி அனுப்பியிருக்காரே மாமா" என்று அழுதுவிட்டாராம். அதையே பாயடியில் வைத்து, காதில் வெங்கிடாசலம் என்று மூன்று தடவை சொல்லியாயிற்று. உங்களிடம் சொன்னால் மறுபடி அழுதுவிடுவேன், மாமாவே எழுதட்டும் என்று விட்டுவிட்டாராம். மேலே எழுதினதை அடிக்க எனக்கு மனசு வரவில்லை, நாலு நாள் வேலை. மாப்பிள்ளையிடம் உண்மையையும் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். வீட்டில் வெங்கிட்டு என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அடுத்த மாதம் எல்லாரும் ஊருக்கு வருகிறார்கள், நீங்களும் வாருங்கள். "ஏலே வெங்கிட்டு, இங்க வாடா" என்று நான் சத்தமாகக் கூப்பிடுவேன். நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டாம்.