தரை இறங்கிய பிறகு வரும் விமானி

வாசகரே, விமானிகளில் ஒரு தனி இனம் உண்டு. இவர்கள் வானத்தில் பறப்பதில்லை. விமானம் எப்படியோ தரையில் இறங்கி, ஆட்களெல்லாம் உயிரோடு வெளியே வந்து, தூசியும் அடங்கிய பிறகுதான் வேலைக்கு வருவார்கள். ஒரு கதிரையும் ஒரு கோப்பை பிளேன்டீயும் கொடுத்தால், எந்த விமானத்தையும் இதைவிட நன்றாக இறக்கிக் காட்டுவார்கள்.

தில்லையடியில் என் பக்கத்து வீட்டு பதுர்தீன் நானா இந்த இனம். சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டியதில்லை. ஆனால் உம்ராவுக்கு மக்கா போனபோது விமானத்தில் ஜன்னலோரம் இருந்தவர். தகுதி போதாதா? போன மாதம் அவர் வீட்டில் ஒரு படம் பார்த்தோம். நடுவானில் எஞ்சின்கள் நின்றுபோக, வற்றிய ஆற்று மணலில் விமானத்தை இறக்கி எல்லோரையும் காப்பாற்றிய விமானி ஒருவரின் வாழ்க்கைக் கதை. நாங்கள் மூச்சடக்கிப் பார்க்க, நானா முறுக்கைக் கடித்தபடி தீர்ப்புச் சொன்னார்.

"அவசரப்பட்டுட்டான். இன்னும் கொஞ்சம் மேல தூக்கி இரிக்கோணும்."

"எஞ்சின் நிண்டுபோச்சே, எப்பிடித் தூக்குற?" என்றார் அவர் மனைவி ரம்ஸியா.

"அதுக்குத்தான் அனுபவம் வேணும் எண்டுற."

படத்தோடு விட்டாரா? அடுத்த வாரம், பெற்றோர் நாங்கள் சேர்ந்து வாங்கிய பள்ளிக்கூட வேனுக்குப் பாலாவி வீதியில் பிரேக் போய்விட்டது. எதிரே சீமெந்து லொறி. சாரதி றிப்னாஸ் வேனை ஒடித்துத் திருப்பி, உப்பளத்துக்குள் இறக்கி, சேற்றில் புதைத்து நிறுத்தினான். ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. சப்பாத்துகளில் மட்டும் உப்புச் சேறு.

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு அவனுக்கு நன்றி சொல்லத்தான் நானாவின் வீட்டில் கூடினோம். நானா நடுக் கதிரையில் அமர்ந்தார், நன்றி விசாரணையாகிவிட்டது.

"இடப்பக்கம் வெறுங்காணி இருந்திச்சே, ஏன் அங்க விடல்ல? லொறிக்காரனுக்கு ஹோன் அடிச்சியா? உப்பளத்துல தண்ணி ஆழமா இருந்திருந்தா?"

ஆழமாக இல்லை என்பதெல்லாம் ஒரு பதிலா? கேள்விக்குக் கேள்வி பெற்றோரின் தலைகள் ஆடத் தொடங்கின.

"யோசிக்க நேரம் இருக்கல்ல நானா."

"அதத்தான் நானும் சொல்ற. யோசிக்கல்ல."

ரம்ஸியாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்த வேன்ல வந்த உங்கட பேத்தி உங்கட மடியில தூங்குறா. இன்னும் என்ன கேக்கோணும் அவன்கிட்ட?"

"காப்பாத்தினது சரி. காப்பாத்தின விதந்தான் சரியில்ல," என்றார் நானா, பேத்தி விழித்துவிடாதபடி மெல்ல.

றிப்னாஸ் வேன் சாவியை மேசையில் வைத்தான். "இனி என்னால ஏலா," என்று எழுந்து போனான். அந்தச் சம்பளம்தான் அவன் வீட்டுச் சோறு. எனக்கு வந்த கோபத்தில் பிளேன்டீ இறங்கவில்லை. பிரேக் திருத்தியதும் வேனை யார் ஓட்டுவது என்று ஒருவர் கேட்க, எல்லோரும் நானாவைப் பார்த்தார்கள். நானா பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

நீங்கள் அப்படிப்பட்டவரில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பிரேக் போனது என்று வாசித்ததும், 'ஹேண்ட்பிரேக்கை இழுத்திருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா?

இழுத்தான். பிடிக்கவில்லை. நீங்களும் அவனிடம் கேட்கவில்லை.