சின்னத்தாயியின் சுளுக்கு

"தாயி, உனக்காக எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்கிட்டக் கெஞ்சி நாளைக்கு ப்ராக்டிகல மத்தியானத்துக்கு மாத்தி வெச்சிருக்கேன். காத்தால நிம்மதியா ஓடிட்டு வா" என்றார் வேதியியல் துறைத் தலைவர் சாந்தி மேடம்.

சின்னத்தாயிக்கு அழுகை வந்தது. பத்து நிமிடம் முன்புதான் உடற்கல்வி ஆசிரியர் மனுவேல் சார் வந்து, "உனக்காக யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்குற ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்த மத்தியானத்துக்குத் தள்ளி வெக்கச் சொல்லிட்டேன் சாமி. காத்தால ப்ராக்டிகல முடிச்சிட்டு வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வாழவந்தியிலிருந்து தினமும் மலையிறங்கி, சேலத்தில் வந்து படிக்கிறவள் அவள். மூன்று வருடமாகப் படிப்பிலும் முதல், ஓட்டத்திலும் முதல். இருவருக்கும் செல்லம். மாற்றியதை மறுபடி மாற்றுங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"கால் சுளுக்கிக்கிச்சுங்க சார்" என்று சாயங்காலம் மனுவேல் சாரிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் ப்ராக்டிகல் பிரமாதமாக அமைந்தது. பந்தயத்தில் வேறு யாரோ ஜெயித்தார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மனுவேல் சார் தைலப் பாட்டிலோடு வாழவந்திக்கே வந்துவிட்டார். வாசலில் காப்பிக்கொட்டை கிளறிக்கொண்டிருந்த அப்பா அங்கப்பன் திகைத்தார்.

"சுளுக்குங்களா? ஏனுங்க சார், இப்பத்தானுங்களே தலைச்சோலை வரைக்கும் ஓடிட்டு வந்தா?"

"அது பக்கத்து ஊட்டுப் புள்ளைங்க சார்" என்று மகளின் பொய் தெரிந்திருந்த அம்மா முத்தாயி ஓடிவந்தாள். "இவருக்கு நொம்ப நாளாக் கண்ணு செரியாத் தெரியறதில்லைங்க."

உள்ளே போய் அவசரமாக மகளின் வலது காலில் துணியைச் சுற்றினாள்.

"எந்தக் கால் கண்ணு?" என்று சார் கேட்டார்.

"இடதுங்க சார்" என்றாள் சின்னத்தாயி, குனிந்து பார்க்காமல்.

"ரெண்டுமா!" சாருக்குக் குரல் உடைந்தது.

அடுத்த வாரம் அங்கப்பனைக் கண் முகாமுக்கு அழைத்துப் போனதும் அவர்தான். அங்கப்பன் தனக்குத் தேவையில்லாத ஒரு கண்ணாடியோடு வீடு திரும்பினார்.

அதன்பிறகு தினமும் பஸ் கல்லூரிக்கு வரும்போது மனுவேல் சார் வாசலில் நின்றார். அவள் கால்களையே பார்ப்பார். சந்தேகப்படுகிறார் என்று அவள் நினைத்தாள். அதனால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நொண்டினாள். ஒருநாள் நிஜத்தைச் சொல்லிவிடத்தான் போனாள். "ஒண்ணும் பேசாத சாமி, போய் உக்காரு" என்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். அவளும் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மாதம் இப்படிப் போயிற்று. ஓடாத கால்கள் படுக்கையில்கூடத் துடித்தன. முதல் மதிப்பெண் வந்தது. சாந்தி மேடம் தட்டிக் கொடுத்தபோது, திருடிய பொருளை வாங்கிக்கொள்வது போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினால் வாழவந்தி பஸ் நகர்ந்துவிட்டது. சின்னத்தாயி எல்லாவற்றையும் மறந்து பிடித்தாள் ஓட்டம். பஸ்ஸை முந்திக்கொண்டு போய் நின்று மூச்சு வாங்கியபோது, எதிரே கல்லூரி மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிற சித்தன். லீவுக்கு ஊருக்கு வந்திருந்தார்.

நொண்ட நேரமில்லை. எந்தக் கால் என்றும் ஞாபகமில்லை.

"சித்தண்ணே, சார்கிட்டச் சொல்லிராதீங்க. நாளைக்கு நானே காலுல உழுந்து எல்லாத்தையும் சொல்லிர்றேன். என்மேல சந்தேகப்பட்டுத்தான தெனமும் கேட்டுல நிக்கிறாரு?"

சித்தன் அவள் கால்களைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"சந்தேகமா? நீ பந்தயத்துக்கு வராட்டியும் சண்டை போட்டு உன் பேர யுனிவர்சிட்டி டீமுல சேத்துட்டாரு கண்ணு. சொன்னா அவசரப்பட்டு ஓடிக் காலக் கெடுத்துக்குவேன்னு, நீ ஒரு நா நொண்டாம எறங்குனா சொல்லலாம்னுதான் நின்னாரு, நீ ஓடத் தயார்னு எழுதிக் குடுக்குற கெடு நேத்தோட முடிஞ்சி போச்சு."