மெயினை இறக்கிய பிறகும் எரிந்த மரம்

கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை லேசாக வந்தது. ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவரின் மூக்குக்கு அது போதும். சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சீரியல் விளக்கு, மாமியாரின் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, இரண்டு சார்ஜர், எல்லாம் கூட்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. பிளக்கின் ஓரம் பழுப்பேறியிருந்தது.

"பிடுங்கிட்டா போச்சுங்க," என்றாள் மனைவி.

"கருகுற பிளக்கையோ பக்கத்து சுவிட்சையோ கையால தொடுறதா? வாராவாரம் ஆலையில இதைத்தானே தொண்டை கிழியக் கத்துறேன்? முதல்ல வீட்டுல எல்லாத்தையும் அணை. மெயினை நான் பாத்துக்கறேன்."

வீடு இருண்டது. மரம் மட்டும் மினுக்கியது. அவர் டார்ச்சோடு வெளியே போய், பொது மாடிப்படி ஓரத்தில் மெயினை இறக்கிவிட்டு வந்தார்.

மரம் மினுக்கியது.

"இன்னும் எரியுதே?"

"சரியா இறங்கலைபோல."

மறுபடி போனார். மேலே தூக்கி, படீரென்று இறக்கினார். வந்து பார்த்தால், மரம் பச்சையாக ஒரு தடவையும் சிவப்பாக ஒரு தடவையும் கண்ணடித்தது. மூன்றாம் தடவை இரண்டு கையாலும் இறக்கினார். பலன் ஒன்றும் இல்லை.

"மெயின் இல்லாமலே எரியுதுன்னா, கரண்ட் சுவத்துக்குள்ள கசியுது." அவர் குரல் இறங்கியது. "யாரும் சுவத்தைத் தொடாதீங்க."

சுவரில் சாய்ந்திருந்த மாமியார் துள்ளி எழுந்த வேகத்தை அவருடைய முழங்கால் டாக்டர் பார்த்திருக்க வேண்டும்.

துடைப்பக் கட்டையால் பிளக்கைத் தட்டிவிடப் பார்த்தார் அதிகாரி. பிளக் அசையவில்லை, மரம் அசைந்தது. அது சாய்ந்ததில் மரத்தை நட்டிருந்த வாளியின் தண்ணீர் கூடமெல்லாம் ஓடியது. மரம் படுத்துக்கொண்டும் மினுக்கியது.

"தண்ணில கால் வைக்காதீங்க! எல்லாரும் மேஜை மேல ஏறுங்க!"

"மாப்பிள்ளை, இது மூணு பேரைத் தாங்குமா?"

"தாங்கலைன்னா அடிதான் படும், அத்தை. ஷாக்குக்கு அது பரவாயில்லை."

மேஜைமேல் குந்தியபடியே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். மறுமுனையில் இருந்தவர், "மெயினை அணைச்ச பிறகும் எரியுதா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "உடனே வெளியே வந்துடுங்க. வண்டி அனுப்புறோம்," என்றார்.

நாற்காலிகளைப் பாலமாகப் போட்டு, மாமியாரைக் கைத்தாங்கலாகக் கடத்தி, மூவரும் படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தூரத்தில் சைரன் கேட்டது. அதிகாரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவசரத்திலும் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நாளைக்கே ஆலையில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. புகையோடு டீச்சரம்மா வெளியே வந்தார். கையில் காலி வாளி, முகமெல்லாம் கரி.

"எவனோ எங்க வீட்டு மெயினை மூணு தடவை இறக்கிட்டான் சார், இருட்டுல மெழுகுவத்தி ஏத்தப்போய்த் திரைச்சீலை பத்திக்கிச்சு, நான் கூப்பிடறதுக்குள்ள வண்டியை வரவெச்சுட்டீங்களே, நீங்கதான் சார் பாதுகாப்பு அதிகாரி!"